மனப்பாடம்

 

கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிற ஆள் என்று உங்களுக்குத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஜெபத்தைப் பற்றி எழுதுகிறேன். என் மாணவர்களில் பாதிப்பேர் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் போகிறவர்கள். இது பிரசங்கம் இல்லை, பயப்பட வேண்டாம். உங்களில் ஒருவரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. அதைக் கேட்பதற்கு இத்தனை கதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் ஜெபம் பண்ணுவதில் பேர்போனவன். பெருமைக்குச் சொல்லவில்லை, அப்படித்தான் இருந்தேன். எங்கள் சேகரத்தில் கல்யாண வீடோ, துக்க வீடோ, புதுவீட்டுப் பிரதிஷ்டையோ, ஆயர் ஊரில் இல்லை என்றால் "சாரைக் கூப்பிடுங்க" என்பார்கள். தமிழாசிரியன் அல்லவா, சொல்லுக்குப் பஞ்சமில்லை. ஆதியாகமத்தில் தொடங்கி வெளிப்படுத்தல் வரைக்கும் வசனங்களைக் கோத்து, பத்து நிமிஷம் மூச்சு விடாமல் ஜெபிப்பேன். முடித்துக் கண்ணைத் திறக்கும்போது நாலு பேராவது கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். அதை ஓரக்கண்ணால் பார்ப்பேன் என்பதையும் இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

என் மனைவி அப்படியில்லை. உங்களில் பலர் அவள் கையால் சுக்குக் காபி குடித்திருப்பீர்கள். அவளுக்குச் சொந்தமாக ஜெபிக்க வராது. குடும்ப ஜெபத்தில் அவள் முறை வந்தால் இரண்டு வாக்கியம், அவ்வளவுதான். ஆனால் இரவு அடுப்படியைக் கழுவிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து ஏதோ முணுமுணுப்பாள். அவள் அம்மா மணப்பாட்டுப் பக்கம் பிறந்த கத்தோலிக்கப் பெண். கல்யாணமாகி எங்கள் திருச்சபைக்கு வந்தவர். வந்த பிறகும் பிள்ளைகளுக்குத் தன் ஊர்ச் செபங்களைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார். பரலோக மந்திரம் என்பார். நாங்கள் பரமண்டல ஜெபம் என்போம். இரண்டும் இயேசு தம் சீஷர்களுக்குக் கற்றுக்கொடுத்த அதே ஜெபம்தான், சொற்கள் மட்டும் கொஞ்சம் வேறே.

"கிளிப்பிள்ளை மாதிரி என்னத்த ஒப்பிச்சிட்டு இருக்க?" என்று அவளைக் கேலி செய்வேன். ஒருநாள் வேதத்தையே எடுத்துக் காட்டினேன். மத்தேயு 6-ஆம் அதிகாரம் 7-ஆம் வசனம். ஜெபத்தில் வீணாகச் சொற்களை அடுக்காதீர்கள் என்று ஆண்டவரே எச்சரிக்கிற இடம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் எப்போதும் ஒன்றும் சொல்வதில்லை.

2021 ஜூலையில் ஒரு காலை, தோசைக்கரண்டி கையிலிருந்து விழுந்தது. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், எடுத்துக்கொள்வாள் என்று இருந்துவிட்டேன். அடுத்து அவள் விழுந்த சத்தம் கேட்டது. பக்கவாதம். இடப்பக்க மூளையில் அடைப்பு. வலக்கையும் வலக்காலும் போயின, கூடவே பேச்சும் போனது. காது கேட்கும், நாம் சொல்வது பெரும்பாலும் புரியும், தனக்கு என்ன வேண்டும் என்றும் தெரியும். ஆனால் சொல் வராது. எதற்கும் "அது... அது..." என்பாள். தண்ணீருக்கும் "அது", மகளைப் பார்த்தாலும் "அது", என்னைப் பார்த்தாலும் "அது". நாற்பது வருஷம் "என்னங்க" என்று கூப்பிட்ட வாய்.

நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். கட்டில் பக்கத்தில் நின்று காலையும் மாலையும் உரத்து ஜெபித்தேன். ஜெபக்குழுக்கள் வந்தன. நான் வாக்குத்தத்தங்களை ஒவ்வொன்றாக ஆண்டவருக்கு எடுத்துச் சொன்னேன், வக்கீல் சட்டப்பிரிவு சொல்கிற மாதிரி. ஆறாவது வாரம் என்று நினைக்கிறேன், ஒரு சாயங்காலம் அப்படி ஜெபித்துக்கொண்டிருந்தபோது, அவள் தன் இடக்கையைத் தூக்கி என் வாயைப் பொத்தினாள்.

கோபமாக இல்லை. அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்துகிற மாதிரி.

அன்றைக்கு ஓய்ந்தவன்தான். அதற்குப் பிறகு வீட்டில் எனக்கு ஜெபம் வரவில்லை. வெளியே மட்டும் வந்தது! ஒரு ஸ்தோத்திரக் கூட்டத்தில் கேட்டார்கள், எழுந்து நின்று அழகாக ஜெபித்தேன், எல்லாரும் ஆமென் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது எனக்கே குமட்டிக்கொண்டு வந்தது. உள்ளே ஆண்டவர்மேல் எனக்கு அத்தனை கோபம். வெளியே அத்தனை தேன். இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை, ஆயரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் அவள் கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். பழக்கத்தால் உட்கார்ந்தேன், பக்தியால் அல்ல. ஐந்து மாதம் அப்படிப் போனது.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மகள் வீட்டிலிருந்து பேரன் வந்திருந்தான். மூன்றாம் வகுப்பு. ஞாயிறு பள்ளியில் பரமண்டல ஜெபத்தை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டுமாம். ஆச்சி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான். சாப்பாட்டைக் கேட்கிற இடம் வந்ததும் நின்றுவிட்டான். மேலே பார்த்தான், கீழே பார்த்தான், வரவில்லை.

கட்டிலிலிருந்து ஒரு குரல்: "எங்கள்..."

நான் சமையல்கட்டில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். ஓடி வந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, குழறலாக, ஆனால் நிற்காமல், அந்த இடத்திலிருந்து ஆமென் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் சபையில் சொல்கிற மாதிரி அல்ல, அவள் அம்மா கற்றுக்கொடுத்த மாதிரி. பேரன் என்னைப் பார்த்து, "தாத்தா, ஆச்சி தப்பாச் சொல்றாங்க" என்றான். நான் அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன், பயந்துபோனான். பால் பொங்கி அடுப்பு அணைந்ததை மகள்தான் வந்து பார்த்தாள்.

உடனே அவன் பெயரைச் சொல்லச் சொன்னோம். "அது" என்றாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. இந்த வகைப் பேச்சிழப்பில் இது நடப்பதுண்டாம். யோசித்துப் புதிதாக வாக்கியம் அமைப்பது ஒரு வேலை. சிறு வயதிலிருந்து ஆயிரம் முறை சொல்லி ஊறிப்போனது வேறு. வாய்ப்பாடு, கிழமைகள், பாட்டு, வேண்டுதல் இவையெல்லாம் சிலருக்குத் தப்பிப் பிழைத்திருக்கும். பேச முடியாதவர்கள் பாடுவதுண்டு. பாட்டின் வழியாகப் பேச்சைத் திரும்பக் கொண்டுவரும் ஒரு பயிற்சி முறையே அமெரிக்காவில் 1970-களில் உருவாகியிருக்கிறது என்றார். உறவினர் சிலர் இதை அற்புதம் என்று சபையில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். நான் மறுத்துவிட்டேன். அதில் ஒருவருக்கு இன்றும் வருத்தம். எனக்குக் கிடைத்தது மருத்துவர்களுக்குத் தெரிந்த ஒரு சங்கதிதான். ஆனால் அது என் வீட்டில், என் மனைவி வாயில், நான் கிளிப்பிள்ளை என்று கேலி செய்த அதே முணுமுணுப்பாக வந்ததே, அதற்கு எந்த மருத்துவர் விளக்கம் சொல்வார்?

அன்று இரவு வேதத்தை எடுத்து மத்தேயு 6-ஐத் திரும்ப வாசித்தேன். 7-ஆம் வசனத்தை அவளுக்கு எதிராகக் காட்டினேன் அல்லவா? அங்கே ஆண்டவர் கண்டிப்பது அதிக வசனிப்பினால் காரியம் ஆகும் என்று நினைக்கிறவர்களை. அதாவது என்னை. சொல்லிவிட்டு இரண்டு வசனம் தள்ளி, 9-ஆம் வசனத்தில், இப்படி ஜெபியுங்கள் என்று சொற்களைக் கையில் கொடுக்கிறார். அதைத்தான் அவள் வாசற்படியில் சொல்லிக்கொண்டிருந்தாள். எத்தனை வருஷம் தமிழ் நடத்தினேன், ஒரு வசனத்துக்கு முன்பின் பார்த்துப் பொருள் கொள்ளத் தெரியவில்லை. இதே தப்பைச் செய்த பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

அவள் அம்மா ஊரைப் பற்றியும் யோசித்தேன். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் கொஞ்சம் தெரிந்தவர்களை வைத்துச் செபங்களைத் தமிழாக்கி, அதைத் தாமே மனப்பாடம் செய்து, தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். மணப்பாட்டிலிருந்து அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. தமிழில் அச்சேறிய முதல் நூலே, 1554-இல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் வந்தது, செபங்கள் அடங்கிய சிறு நூல்தான். இதையெல்லாம் நான் இலக்கிய வரலாற்றில் பாடமாக நடத்தியிருக்கிறேன், தேதி தப்பினால் திருத்தியிருக்கிறேன். அந்த மணியோசை தாய் வாயிலிருந்து மகள் வாய்க்கு வந்து என் வீட்டு வாசற்படி வரைக்கும் வந்திருந்தது எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது சாயங்காலம் ஏழு மணிக்கு இரண்டு பேரும் அந்த ஜெபத்தைச் சொல்கிறோம். அவள்தான் தொடங்குவாள், அவள் அம்மா சொற்களில். நான் பின்னாலேயே சொல்வேன். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் பிறகு நிறுத்துவோம். அந்த நிறுத்தத்தில் நான் ஒன்றும் சேர்ப்பதில்லை. முதலில் அது எத்தனை கஷ்டமாக இருந்தது தெரியுமா! மூன்று நிமிஷம் சும்மா இருக்க முடியவில்லை. சிலிண்டர் புக் பண்ணினோமா, கரண்ட் பில் எத்தனை, ஓய்வூதியத்துக்கு உயிர்வாழ் சான்று கொடுத்தாயிற்றா, இதுதான் ஓடும். இப்போதும் ஓடுகிறது. முன்பு அதை விரட்டப் பார்ப்பேன். இப்போது சிலிண்டரையும் சேர்த்து அவர் முன்னால் வைத்துவிட்டு அடுத்த விண்ணப்பத்துக்குப் போகிறேன்.

மெதுவாகச் சொன்னதில் ஒன்று கண்ணில் பட்டது. இலக்கண வகுப்பை மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். "நாம்" என்றால் கேட்பவரும் சேர்த்தி, உளப்படுத்திய தன்மைப் பன்மை. "நாங்கள்" என்றால் கேட்பவர் நீங்கலாக. அந்த ஜெபத்தில் எங்கேயும் "என்", "எனக்கு" இல்லை. முழுக்க "எங்கள்", "எங்களுக்கு". கேட்பவர் ஆண்டவர், அவர் எதிர்ப்பக்கம். இந்தப் பக்கம் நானும் அவளும். பேச வாய்க்காத அவளும் பேசியே கெட்ட நானும் ஒரே வேற்றுமை உருபில் நிற்கிறோம். இங்கிலீஷில் இந்த வித்தியாசம் கிடையாது. தமிழில் ஜெபிக்கிறவனுக்குக் கிடைத்த கூலி இது.

உங்களுக்காகவும் ஜெபிக்கிறேன், முறை மாறிவிட்டது. என் பழைய மதிப்பெண் நோட்டுகள் சில வீட்டில் இருக்கின்றன. முன்பெல்லாம் உங்கள் பெயரைச் சொல்லி, இவனுக்கு வேலை, அவளுக்கு வரன், இன்னாருக்குக் குடி விடவேண்டும் என்று ஆண்டவருக்கே பாடத்திட்டம் எழுதிக் கொடுப்பேன். இப்போது நாளைக்கு ஒரு பக்கம். பெயரை வாசிக்கிறேன், முகம் ஞாபகம் வரும்வரை காத்திருக்கிறேன். அவ்வளவுதான். சில முகங்கள் வருவதற்கு நேரமாகிறது.

ஒரு முகம் மட்டும் நோட்டை எடுக்காமலே வருகிறது. ஜெபத்தில் மன்னிப்பைக் கேட்கிற இடம் வரும்போதெல்லாம் வந்து நிற்கிறது.

1994. எட்டாம் வகுப்பு. காலைக் கூட்டத்தில் ஜெபம் செய்ய அன்று அந்தப் பிள்ளையின் முறை. முன்னால் வந்து நின்றாள், கை நடுங்கியது, சொல் வரவில்லை. கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு பரமண்டல ஜெபத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். நான் பாதியில் நிறுத்தினேன். "மனப்பாடத்த ஒப்பிக்கச் சொல்லல, ஜெபம் பண்ணச் சொன்னேன்" என்றேன். மைக் பக்கத்தில் நின்றதால் எல்லாருக்கும் கேட்டது. அத்தனை பிள்ளைகளும் சிரித்தார்கள். நான் மைக்கை வாங்கி என் பாணியில் ஜெபித்து முடித்தேன். அதற்குப் பிறகு அவள் எதற்கும் முன்னால் வரவில்லை, பாட்டுக்கும் வரவில்லை. அந்த வருஷம் அவள் வீட்டில் ஒரு சாவு நடந்திருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். தெரிந்த பிறகும் நான் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

1 சாமுவேல் முதல் அதிகாரத்தில் அன்னாள் உதடு மட்டும் அசைய ஜெபிப்பாள், ஆசாரியனாகிய ஏலி அவளைக் குடித்திருக்கிறாள் என்று நினைத்து அதட்டுவான். ஏலி அந்த இடத்திலேயே தன் தப்பை உணர்ந்து அவளை ஆசீர்வதித்து அனுப்பினான். எனக்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

அம்மா, நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியவில்லை. உன் பெயரை இங்கே எழுதவில்லை, உனக்குத் தெரியும். நீ அன்று ஜெபம்தான் பண்ணினாய். நான்தான் குறுக்கே வந்தேன். என்னை மன்னித்துக்கொள். பதில் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மற்றவர்கள் தயவுசெய்து அது யார் என்று கீழே ஊகித்து எழுதாதீர்கள்.

மணி ஏழாகப் போகிறது. உள்ளே அவள் இடக்கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுகிறாள். நேரமாகிவிட்டால் அப்படித்தான் கூப்பிடுவாள். போகிறேன்.