காற்றறிந்து புறப்படுதல்

உடுவிலில் இருந்து தென்கிழக்கைத் தவிர வேறெத் திசையில் மோட்டார் சைக்கிளைச் செலுத்தினாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் கடல் குறுக்கே வந்து நின்றுவிடும். இத்தகைய குடாநாட்டில் குடியிருந்துகொண்டு நெடும்பயணத்துக்குத் திட்டமிடுபவரைக் கண்டு ஊரார் நகைப்பது இயல்பே. நகைப்பவருள் முதல்வர் நம் இல்லாள்.

டெட் சைமன் என்ற பத்திரிகையாளர் 1973 இல் லண்டனில் இருந்து ஒரு டிரையம்ப் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, நான்கு ஆண்டுகள் உலகைச் சுற்றி வந்தார். நமக்கோ 2022 இல் கிழமைக்கு நான்கு லீற்றர் பெற்றோலே பங்கீடு! சில கிழமைகள் கல்லூரிக்குச் சைக்கிளில் சென்று, மிச்சம்பிடித்த பெற்றோலில் சுண்டிக்குளம் போய் வந்தோம். உலகைச் சுற்றியவருக்கு அத்தனை பெருமிதம் இருந்திருக்குமோ என்பது ஐயமே.

நம் நாட்டில் பயணத்துக்கு நாட்காட்டியைப் பார்ப்பதைக் காட்டிலும் காற்றைப் பார்ப்பது நன்று. ஆனி, ஆடியில் சோளகம் வீசும்போது பண்ணைப் பாலத்திலோ சங்குப்பிட்டியிலோ சென்று பாருங்கள். வண்டியை நாம் ஓட்டுகிறோமா, காற்று ஓட்டுகிறதா என்ற மயக்கம் வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மாரிக்கு உரியவை. ஒழுங்கைகள் யாவும் வாய்க்கால்கள். கோடையில் வெறும் வாய்க்காலாய்க் கிடக்கும் வழுக்கையாறு தானும் ஓர் ஆறென்று காட்டிக்கொள்ளும் காலம் அது. தை பிறந்து மாசி முடியும்வரை உள்ள நாட்களே நமக்கு உகந்தவை. மழை ஓய்ந்திருக்கும், பரவைக் கடலில் நீர் வற்றியிராது, பூநாரைகளும் வந்திருக்கும். பளைக்கு அப்பால் கிழக்கே திரும்பி, மருதங்கேணியை அடைந்து, கடலோரமாக வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு என்று தெற்கே சென்றால் சுண்டிக்குளம். 1938 இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015 இல் தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்ட இடம். மணற்பாதையில் இறங்குமுன் ரயரில் சிறிது காற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மறந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கலாம். நாம் நடந்திருக்கிறோம்.

இந்த மோகம் நம் ஐயாவிடமிருந்து வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெற்றோல் குடாநாட்டுக்கு வருவது தடைப்பட்டிருந்தது. அவர் தமது ஹொண்டா எம்.டி. 90 ஐ மண்ணெண்ணெயில் ஓட்டினார். சிறு போத்தலில் பொத்திவைத்த பெற்றோலில் சில துளி விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். புகை ஒழுங்கையை மூடும். அப்போது நமக்கு வயது பன்னிரண்டு. "பாதை திறக்கட்டும், உன்னை ஆனையிறவுக்கு அங்காலை கூட்டிக்கொண்டு போறன்" என்பார். பாதை திறந்தது, பூட்டியது, மீண்டும் திறந்தது. 2009 இன் பின் நிலையாகத் திறந்தபோது, பின்னால் ஏறியிருக்க ஐயா இல்லை.

ஆகவே 2017 இல் நம் மகனைப் பின்னால் ஏற்றிக்கொண்டோம். அவனுக்கும் அப்போது பன்னிரண்டு வயது. திரும்பும் வழியில் முகமாலைக்கு அண்மையில் ஒரு பக்கப் பாதையில் நின்று, சூடேறிய இயந்திரத்தை ஆறவிட்டுப் பிளக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தோம். மயில் ஒன்றைக் கண்டு மகன் பற்றைக்குள் இறங்கியதை நாம் கவனிக்கவில்லை.

"தம்பி, அப்பிடியே நில்!" என்ற குரல் கேட்டுத் தலை நிமிர்ந்தோம். விறகுக் கட்டோடு சைக்கிளில் வந்த முதியவர் ஒருவர். அவர் கை நீட்டிய இடத்தில், மாரிக்கு வளர்ந்த கொடிகளுக்குள் பாதி மறைந்தபடி, மண்டையோட்டுப் படமிட்ட சிவப்புப் பலகை. மகன் அதற்கு அப்பால் பத்தடி தூரத்தில் நின்றான்.

"பயப்பிடாதை, ராசா. உன்ரை காலடி மண்ணிலை தெரியுதெல்லே? அதிலையே அடி வைச்சுத் திரும்பி வா."

அவன் வந்தான். ஒவ்வோரடியாக, குனிந்து பார்த்துப் பார்த்து வந்தான். நாம் பிளக்கைக் கையில் பிடித்தபடி நின்றோம். அது உள்ளங்கையைச் சுட்டது பின்னரே தெரிந்தது. சோளகத்தையும் வாடையையும் வகுப்பறையில் கற்பிப்பவர் நாம். தரையைப் பற்றி நமக்குப் பாடம் சொன்னவர் அந்த விறகுவெட்டி. "மாஸ்டர், றோட்டை விட்டு இறங்கிறதெண்டால் ஊர்ச்சனத்தைக் கேட்டுப்போட்டு இறங்குங்கோ" என்று மட்டும் கூறி, நன்றி சொல்லவும் இடங்கொடாமல் போய்விட்டார். வீட்டில் இதை நாம் சொல்லவில்லை. மகன் சொல்லிவிட்டான். ஓராண்டு காலம் மோட்டார் சைக்கிள் கல்லூரிக்கும் சந்தைக்கும் மாத்திரமே சென்றது.

இப்போது அவனுக்கு இருபது வயது கடந்துவிட்டது. வரும் மாசியில் தோழர் இருவரோடு பூநகரி வழியாக மன்னாருக்குப் போக எண்ணியிருக்கிறான். ரியூப், பம்பு, பிளக், தண்ணீர் என்று எழுதிய தாளை நம்மிடம் நீட்டினான். அதன் தலைப்பில், எல்லாவற்றுக்கும் மேலாக, 'ஊர்ச்சனத்தைக் கேட்டல்' என்றிருந்தது. இல்லாளும் எட்டிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

நமக்கும் இடமுண்டோ என்று கேட்டோம்.

"உங்கடை சைக்கிளிலை வாங்கோ அப்பா. பெற்றோல் காசை மட்டும் இப்பவே தாங்கோ" என்றான்.