தட்டிப் போட்ட பூண்டு

மத்தூர் வீட்டில் எங்கள் ஆயா பூண்டை அரைத்ததே இல்லை. "தட்டிப் போடு கண்ணு, மையா அரைச்சிட்டா சாறு செத்துப்போவும்" என்று சொல்லும். கொள்ளு வேகவைத்து வடித்த தண்ணீர் ஒரு பக்கம் காத்திருக்கும். அம்மியில் முதலில் மிளகும் சீரகமும். குழவியை உருட்டாமல் ஒரு முனையை மட்டும் தூக்கி மெல்ல இறக்கும். மிளகு நான்காக உடைந்ததும் கை நின்றுவிடும். அப்புறம் தோலோடு பூண்டு, ஒரே அழுத்து. பல் பிளந்து பிசுபிசுவென்று கசியும்போது வாசம் வாசலைத் தாண்டும். முழுப் பல்லில் அந்த வாசம் கிடையாது. நசுங்கும்போதுதான் அதற்குள் தனித்தனியே இருக்கும் அல்லியினும் அல்லினேஸ் நொதியும் கலந்து அல்லிசின் உண்டாகிறது என்று பின்னாளில் படித்தேன். 'பூண்டு கண்ணு முழிக்குது' என்பது ஆயாவின் பேச்சு.

ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் இருந்தது. இஞ்சியை நசுக்குவார்கள். வறுத்த உச்செள்ளை உரலில் இடிப்பார்கள். களிக்குக் கீரையைக் கடைவார்கள். தேங்காயைத்தான் அரைப்பார்கள். 2011-ல் தொடங்கிய விலையில்லா மிக்ஸித் திட்டத்தில் எங்களுக்கும் ஒன்று வந்தது. அம்மாவின் தோள்வலி குறைந்தது. அந்த ஒன்றுக்காகவே அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அத்தனை சொல்லும் போய், 'ஒரு அடி அடிச்சிடு' என்பது மட்டும் மிஞ்சியது.

அம்மி கொத்துகிறவர் தெருவில் கூவிக்கொண்டு வருவார். உளி விழ விழ, தேய்ந்த கல்லில் அம்மைத் தழும்பு போலப் புள்ளிகள் எழும். கல்தூள் போக முதலில் தவிட்டை அரைத்துக் கொட்டிக் கழுவுவோம். "சொரசொரப்பு இருந்தாதான் பொருளு நிக்கும்" என்பார். அவர் வருவது எப்போது நின்றதென்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை. அம்மி இப்போது தண்ணீர்த் தொட்டியோரம் துணி துவைக்கக் கிடக்கிறது.

ஓசூரில் நான் இருக்கும் வீட்டுச் சமையல் மேடை கிரானைட். பர்கூர்ப் பக்கம் வெட்டிய கல் என்றார்கள். எங்கள் ஊர்க் கல்தான். முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பு. போன வாரம் கொள்ளுச் சாறு வைக்க ஆசைப்பட்டு, அதன்மேல் ஒரு பூண்டுப் பல்லை வைத்து டம்ளரின் அடியால் அழுத்தினேன். பல் வழுக்கிக்கொண்டு போய்த் தரையில் விழுந்தது.