தங்கை கேட்ட மருந்து

வலிப்பு வந்தவன் கையில் இரும்பைக் கொடு என்பார்கள் நம் நாட்டில். சாவிக்கொத்து, கம்பி, கத்தி, எது அகப்படுகிறதோ அது! வலிப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடங்களில் தானாகவே ஓய்ந்துவிடும். ஓய வைத்த பெருமையை இரும்பு தட்டிக்கொண்டு போகும். இந்த வேடிக்கையை மேடைகளிலே நாம் பலமுறை எடுத்துப் பேசியிருக்கிறோம், கைதட்டலும் பெற்றிருக்கிறோம். ஆனால், நமது தங்கையின் ஒரே மகன், ஒன்பது வயதுப் பாலகன், கூடத்திலே விழுந்து, கைகால்கள் வெட்டி இழுக்க, வாயிலே நுரை தள்ளக் கிடந்த அன்று, பக்கத்து வீட்டு மூதாட்டி சாவிக்கொத்துடன் ஓடி வந்தபோது, 'வேண்டாம்' என்று தடுக்க நமக்கு நா எழவில்லை. அறிவு பேசுவது எளிது. அச்சம் வந்து நெஞ்சைப் பிடிக்கும்போது அறிவு எங்கே போய் ஒளிந்துகொள்கிறதோ, யார் கண்டார்!

மருந்து மூன்று முறை மாற்றப்பட்டது. வாரத்துக்கு ஐந்து, ஆறு என்று வந்த வலிப்பு குறைந்ததே தவிர, நின்றபாடில்லை. பள்ளிக்கூடத்திலே பையனைத் தனியே உட்கார வைத்தார்கள். தங்கை இரவிலே அவன் கையைத் தன் கையோடு துணியால் கட்டிக்கொண்டு உறங்கத் தொடங்கினாள், இழுக்கும்போது விழிப்பு வரவேண்டும் என்பதற்காக.

ஒரு நாள் மாலை அவள் வந்தாள். நெடுநேரம் வேறு எதையோ பேசிவிட்டு, மெல்லக் கேட்டாள்:

"அண்ணா, கஞ்சாவிலிருந்து எடுக்கிற எண்ணெய் கொடுத்தால் வலிப்பு நிற்குமாமே? மேல்நாட்டிலே குழந்தைகளுக்கே கொடுக்கிறார்களாம். நீங்கள் நாலும் படித்தவர். உண்மையா என்று பார்த்துச் சொல்லுங்களேன்."

நாம் எரிந்து விழுந்தோம். கஞ்சாவா! நம் வீட்டிலா! நமது தெருவிலே, தாயின் தாலியைக்கூட விற்று அந்தப் புகையை ஊதிச் சீரழிந்த வாலிபன் ஒருவனைக் கண்ணால் கண்டவர்கள் நாம். அவனுக்காக ஊர்வலம் நடத்தினோம், காவல் நிலையத்திலே மனுக் கொடுத்தோம், 'ஒழிக' என்று தொண்டை வறளக் கூவினோம். அப்படிப்பட்ட நம்மிடமே வந்து, அதையே மருந்தென்று கேட்பதா! "பிள்ளையை நோயிலிருந்து காப்பாற்றச் சொன்னால், நீயே போதைக்காரனாக்கிவிடுவாய் போலிருக்கிறதே!" என்று சொன்னோம். சொன்ன சொல் இன்றும் நினைவிலே இருக்கிறது. அவள் பதில் பேசவில்லை, எழுந்து போய்விட்டாள்.

இரண்டு மாதம் கழித்து, பையன் மருத்துவமனையிலே இருப்பதாகச் செய்தி வந்தது. ஓடினோம். வலிப்பு நிற்காமல் அரைமணி நேரத்துக்கு மேல் நீடித்து, தீவிர சிகிச்சைப் பிரிவிலே கிடத்தியிருந்தார்கள். எவனோ ஒருவன் 'கஞ்சா எண்ணெய்' என்று ஒரு புட்டியை நாலாயிரம் ரூபாய்க்கு விற்றிருக்கிறான். விற்றதோடு விட்டானா? "அந்த மாத்திரைகள் எல்லாம் நஞ்சு, இன்றே நிறுத்திவிடு" என்று உபதேசமும் செய்திருக்கிறான். தங்கை அன்றே நிறுத்திவிட்டாள். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்துவது, அணையைத் திடீரென உடைப்பதற்குச் சமம் என்பது அவளுக்குத் தெரியாது.

"யாரையும் கேட்காமல் ஏனம்மா நிறுத்தினீர்கள்?" என்று டாக்டர் அம்மையார் கேட்டார்.

"அண்ணனைக் கேட்டேன். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது" என்றாள் அவள், நம் பக்கம் திரும்பாமலே.

பையன் பிழைத்தான். அதன் பிறகுதான், முன்பே செய்திருக்க வேண்டிய காரியத்தை நாம் செய்தோம்: உட்கார்ந்து படித்தோம்.

படிக்கப் படிக்க வெட்கம்தான் மிஞ்சிற்று. தங்கை கேட்டது மேல்நாட்டுப் புதுமை என்றல்லவா எண்ணினோம்? அது கல்கத்தாவிலே தொடங்கிய கதை! வில்லியம் புரூக் ஓஷானசி என்ற அயர்லாந்து நாட்டு டாக்டர், கல்கத்தா மருத்துவக் கல்லூரியிலே ஆசிரியராக இருந்தவர், 1839ஆம் ஆண்டிலே கஞ்சாவைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை படைத்தார். ஊரார் சொன்னதை அவர் அப்படியே நம்பவுமில்லை, எள்ளி நகையாடவுமில்லை. முதலிலே விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், பிறகுதான் நோயாளிகளிடம் வந்தார். பிறந்து நாற்பது நாளே ஆன பெண் குழந்தை ஒன்றுக்கு ஓயாமல் வந்த வலிப்பை அந்தச் சாறு அடக்கியதை எழுதிவைத்தார். வெறிநாய்க்கடிக்காரனை அது காப்பாற்றவில்லை, வேதனையைத்தான் தணித்தது என்பதையும் ஒளிக்காமல் எழுதினார். நம்மூர்ப் புட்டி வியாபாரிக்கும் அவருக்கும் உள்ள வேறுபாடு அதுதான்: தோற்ற இடத்தையும் அவர் சொன்னார்.

பிறகு வந்தது அச்சம். கஞ்சா பைத்தியமாக்குகிறது என்று இங்கிலாந்துப் பாராளுமன்றத்திலே கேள்வி எழ, 1893ஆம் ஆண்டிலே இந்தியக் கஞ்சா விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. ஏழு உறுப்பினர்கள், 1193 சாட்சிகள்! குழுவினர் பைத்தியக்கார விடுதிகளின் பதிவேடுகளைப் புரட்டினார்கள். நோய்க்குக் காரணம் என்ன என்ற கட்டத்திலே 'கஞ்சா' என்று எழுதியிருந்தது. எழுதியவர் டாக்டரா? இல்லை, பெரும்பாலும் ஆளைக் கொண்டுவந்து சேர்த்த போலீசார் சொன்னது. கட்டம் காலியாக இருக்கக்கூடாது, காரணம் வேறு தெரியவில்லை, ஆகவே கஞ்சா! அளவோடு கொள்வதால் பெருந்தீங்கு இல்லை, மிகுந்தால் தீங்கு உண்டு, முற்றாகத் தடை செய்வது தேவையில்லை என்று 1894ஆம் ஆண்டிலே குழு அறிக்கை தந்தது. அறிக்கைகளுக்கு நம் நாட்டிலே என்ன கதி நேருமோ, அதுவே அதற்கும் நேர்ந்தது.

அமெரிக்காவின் கதை இதைவிட விந்தை. 1937ஆம் ஆண்டு வரிச் சட்டம் என்ற பெயரிலே தடை கொண்டுவந்தார்கள். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சார்பிலே டாக்டர் உட்வர்டு எதிர்த்துச் சாட்சி சொன்னார், எடுபடவில்லை. 1970ஆம் ஆண்டுச் சட்டத்திலே, மருத்துவப் பயனே ஒப்புக்கொள்ளப்படாத பொருள்களின் முதற் பட்டியலிலே அதைச் சேர்த்தார்கள். பயன் உண்டா என்று ஆராய்வதற்கும் தடை போன்ற கட்டுப்பாடுகள். பல்லாண்டுக் காலம் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தின் ஒரே பண்ணையிலிருந்துதான் ஆராய்ச்சிக்குச் செடி கிடைக்கும்! சான்றில்லை, ஆகவே தடை, தடையிருப்பதால் சான்றில்லை. நீந்தத் தெரிந்த பிறகுதான் தண்ணீரிலே இறங்கலாம் என்று பிள்ளைக்குச் சொல்வது போன்ற ஏற்பாடு. இதற்கிடையே 1985ஆம் ஆண்டிலே, அந்தச் செடியிலே மயக்கம் தரும் அதே பொருளைச் செயற்கையாகச் செய்து, குளிகையில் அடைத்து, புற்றுநோய் மருந்தால் வரும் குமட்டலுக்கு மருந்தென்று அனுமதித்தார்கள். செடியிலே இருந்தால் பயனற்றது, குளிகையிலே இருந்தால் மருந்து!

வெறுத்துப்போன மக்கள் வாக்குச் சாவடிக்குப் போனார்கள். 1996ஆம் ஆண்டிலே கலிபோர்னியா மாநிலம் வாக்கெடுப்பு நடத்தி, டாக்டர் சொன்னால் கஞ்சாவை மருந்தாகக் கொள்ளலாம் என்று முடிவு செய்தது. மற்ற மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்தன. நோயாளியின் துயரை நினைத்தால் இதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆயினும், எந்த நோய்க்கு எந்த மருந்து என்பதை வாக்குச் சீட்டா தீர்மானிப்பது? மஞ்சள் காமாலைக்கு மருந்து எது என்று நாம் தேர்தல் நடத்துவதில்லையே! ஆராய்ச்சியின் கதவை அடைத்துவிட்டு அமர்ந்திருந்த அரசுதான், மக்களை அந்தப் பக்கம் தள்ளிற்று. நமது தங்கையை நாம் புட்டிக்காரனிடம் தள்ளியதைப் போல.

அறிவியல் நடந்த பாதை தனி. இஸ்ரேலிலே ரெகோவோட் நகரத்து வைஸ்மன் நிலையத்தைச் சேர்ந்த ரஃபேல் மெக்கூலம், போலீசார் பறிமுதல் செய்து வைத்திருந்த ஐந்து கிலோ கஞ்சாப் பிசினைக் கேட்டு வாங்கி, பேருந்திலே வைத்துக் கொண்டு போனார். சக பயணிகள் என்ன வாடை என்று மூக்கைச் சுளித்தார்களாம். 1964ஆம் ஆண்டிலே அவரும் கவோனி என்பவரும் மயக்கம் தரும் பொருளைத் தனியே பிரித்துக் காட்டினார்கள்: டெட்ரா ஹைட்ரோ கன்னாபினால். 1988ஆம் ஆண்டிலே, அந்தப் பொருள் போய்ப் பொருந்தும் ஏற்பிகள் மூளையிலே இருப்பதை அமெரிக்கர்கள் கண்டார்கள். பூட்டு இருந்தால் அதற்கென உடல் செய்துகொண்ட சாவியும் இருக்க வேண்டுமே! 1992ஆம் ஆண்டிலே மெக்கூலத்தின் ஆய்வுக்கூடம் அதையும் கண்டுபிடித்து, வடமொழி 'ஆனந்த'த்தைச் சேர்த்து 'ஆனந்தமைடு' என்று பெயர் வைத்தது. 'இன்பம்' என்ற சொல் அகப்படவில்லையா என்று நம்மவர்கள் கேட்கக்கூடும், கேட்கட்டும். மூச்சை இயக்கும் மூளைத்தண்டிலே அந்த ஏற்பிகள் மிகக் குறைவு. அபின் வகை மிகுந்தால் மூச்சு நின்று சாவு வருவதுபோல இதில் வராததற்குக் காரணம் அதுதான்.

நமது தங்கையின் கேள்விக்கு உரியது மயக்கம் தரும் அந்தப் பொருளன்று. அதன் உடன்பிறப்பான கன்னாபிடியால். அது போதை தருவதில்லை. பிரேசில் நாட்டு டாக்டர்கள், மெக்கூலத்துடன் சேர்ந்து, வேறு மருந்துக்கு அடங்காத வலிப்பு நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். உண்மை மருந்து பெற்ற எட்டுப் பேரில் நால்வருக்கு வலிப்பு ஏறத்தாழ நின்றது. இது வெளிவந்த ஆண்டு 1980. பிறகு? முப்பது ஆண்டுக்கு மேல் பெரிய சோதனை எதுவும் நடக்கவில்லை! அந்த முப்பதாண்டுகளில் எத்தனை தாய்மார்கள் பிள்ளையின் கையைத் தம் கையோடு கட்டிக்கொண்டு உறங்கினார்களோ!

2017ஆம் ஆண்டு சனவரியிலே அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் ஓர் அறிக்கை வெளியிட்டன. பெரியவர்களின் நாட்பட்ட வலி, புற்றுநோய் சிகிச்சைக் குமட்டல், நரம்பு நோயொன்றிலே வரும் தசை இறுக்கம் ஆகிய மூன்றுக்கும் நல்ல சான்று உண்டு என்றும், வலிப்புக்குப் போதிய சான்று இல்லை என்றும் கூறின. அதே ஆண்டு மே மாதத்திலே சான்று வந்தது. டிராவெட் என்ற கொடிய வகை வலிப்புள்ள 120 குழந்தைகளையும் இளைஞர்களையும் இரு கூறாக்கி, ஒரு கூறுக்குக் கன்னாபிடியாலும் மறு கூறுக்கு வெற்று மருந்தும் கொடுத்தார்கள். மருந்து பெற்றோர்க்கு மாத வலிப்பு நடுத்தரமாக 12.4 என்பதிலிருந்து 5.9 ஆயிற்று, மற்றவர்க்கு 14.9 என்பது 14.1 ஆனதோடு சரி. முற்றாக நின்றது நூற்றுக்கு ஐவருக்குத்தான். தூக்கக் கலக்கம், வயிற்றுப்போக்கு, கல்லீரலிலே மாறுதல் ஆகியவையும் உண்டு. 2018ஆம் ஆண்டு சூனிலே அமெரிக்க அரசு அதை எபிடியோலெக்ஸ் என்ற பெயரிலே மருந்தாக ஏற்றது.

அதே மாதம், கனடாவிலிருந்து மகனுக்கு எண்ணெய் கொண்டுவந்த ஒரு தாயிடம், இலண்டன் விமான நிலையத்திலே அதைப் பறித்துக்கொண்டார்கள். சில நாளில் சிறுவன் வலிப்போடு மருத்துவமனை சேர்ந்தான்; நாடே கொதித்தது; நவம்பர் முதல் நாள் இங்கிலாந்துச் சட்டம் திருத்தப்பட்டது. 2020ஆம் ஆண்டு திசம்பரிலே ஐக்கிய நாடுகள் ஆணையமும் மிகக் கொடிய பொருள்களின் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கிற்று. ஆதரவு 27, எதிர்ப்பு 25. இந்தியா ஆதரவாக வாக்களித்தது.

உள்நாட்டுச் சட்டமோ? 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம், கஞ்சா என்பதற்குப் பூவும் காயும் கொண்ட நுனி என்று பொருள் சொல்கிறது. நுனியோடு சேராத இலையும் விதையும் கணக்கில் வாரா. வடக்கே பண்டிகை நாளிலே இலையை அரைத்துப் பாலில் கலந்து 'பாங்கு' என்று பக்தியோடு பருகலாம். அரசு உரிமம் பெற்ற கடைகளே உண்டு. மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் சட்டம் கதவை முற்றாக அடைத்துவிடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். கதவு இருக்கிறது, பூட்டுகளும் இருக்கின்றன. மருந்துக்கென அபின் விளைவிக்கும் இந்த நாட்டிலேயே, புற்றுநோயாளிக்கு மார்ஃபின் கொடுக்க அத்தனை உரிமங்கள் வேண்டியிருந்தன. அந்தச் சிக்கலைத் தளர்த்த 2014ஆம் ஆண்டுத் திருத்தம் வரவேண்டியிருந்தது.

இவ்வளவும் படித்ததனால், ஊர்வலத்திலே நாம் கூவியது தவறு என்று எண்ணுகிறோமா? இல்லை. அதே 2017ஆம் ஆண்டு அறிக்கை, அடிக்கடி கஞ்சா கொள்வோர்க்குச் சித்தக் கலக்க நோய் வரும் வாய்ப்பு மிகுதி என்பதற்கும் சான்று உண்டு என்கிறது. நமது தெரு வாலிபனின் தாய்க்கு அறிக்கை தேவையில்லை. நாம் செய்த தவறு, அந்தத் தாய்க்குச் சொல்ல வேண்டிய பதிலை இந்தத் தாய்க்குச் சொன்னது.

புட்டியை எடுத்துக்கொண்டு டாக்டர் அம்மையாரிடம் போனோம். வெளிச்சத்திலே பிடித்துப் பார்த்தார். பச்சை இலைப் படமும் ஒரு சாமி படமும் ஒட்டியிருந்தன. எந்தப் பொருள், எத்தனை மில்லிகிராம் என்ற விவரம் இல்லை. "இதில் கன்னாபிடியால் இருக்கலாம், மயக்கப் பொருள் இருக்கலாம், நல்லெண்ணெய் மட்டுமே இருக்கலாம்" என்றார். அந்தச் சோதனையிலே ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். இருபத்துநான்கு கிலோ எடையுள்ள நம் பையனுக்குக் கணக்குப் போட்டால் 480 மில்லிகிராம். தங்கை கொடுத்தது நாளுக்கு ஐந்து சொட்டு.

பையனுக்கு வந்திருப்பது எந்த வகை வலிப்பு என்பது முதலில் தெரிய வேண்டும், கன்னாபிடியால் எல்லா வகைக்கும் சோதிக்கப்படவில்லை என்றார் அம்மையார். மரபணுச் சோதனைக்கு இரத்தம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். மாத்திரைகள் மீண்டும் தொடங்கிவிட்டன. வலிப்பு இப்போது வாரத்துக்கு இரண்டு.

தங்கை நேற்றும் வந்தாள். "முடிவு வந்துவிட்டதா அண்ணா?" என்று கேட்டாள். இன்னும் வரவில்லை என்றோம். மேசைமேல் இருந்த புத்தகங்களைப் பார்த்தாள். "அந்த நூற்றிருபது பிள்ளைகளைப் பற்றிப் படித்தீர்களே, அதை இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்று உட்கார்ந்தாள். சொன்னோம், ஐந்து பேர் கணக்கையும் மறைக்காமல்.