மூன்றாம் சாட்சி

பிப்ரவரி 14 அன்று ஒரகடம் கூட்டுச் சாலையில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு நின்று பார்த்தவர்க்கு ஒன்று விளங்கும். அது விடுமுறை நாள் அன்று. தொழிற்சாலைப் பேருந்துகள் வழக்கம்போல் வரிசையாக வந்து நிற்கின்றன. ஒரே நிறச் சீருடை அணிந்த இளையோர் முதல் ஷிப்டுக்கு ஏறுகின்றனர். இரவு ஷிப்ட் முடித்தவர்கள் கண் சிவக்க இறங்குகின்றனர். தேநீர்க் கடையின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் சிவப்பு ரோஜாக்கள் இருக்கும். ஏறுபவருள் ஒருவர் ஒன்றை வாங்கி, இறங்குபவருள் ஒருவரிடம் கொடுத்துவிட்டு ஓடி ஏறுவார். இருவருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு கிடைப்பது அரிது. நாம் கல்லூரிப் பேருந்துக்காக அங்கே நிற்கும் பத்து நிமிடத்தில் இத்தகைய கைமாற்றங்களை ஆண்டுதோறும் கண்டிருக்கிறோம்.

நம் தங்கை மகன் சுவீடன் நாட்டின் கோதன்பர்க் நகரில் வாகனப் பொறியாளன். காதலர் தினத்தை அங்கே எவ்வாறு கொண்டாடுகின்றனர் என்று ஒருமுறை அவனிடம் கேட்டோம். "இங்கயும் லீவு இல்ல மாமா. வேலை முடிஞ்சு பூ வாங்கிட்டுப் போவாங்க, அவ்வளவுதான்" என்றான். அந்நாளுக்கு அவர்கள் இட்டிருக்கும் பெயர் 'அல்லா யார்த்தான்ஸ் தாக்'. 'எல்லா இதயங்களின் நாள்' என்பது பொருள். அவர்களுக்கும் இது பழைய விழா அன்று. 1950களுக்குப் பிறகு பூ வணிகர்களும் பெரிய அங்காடிகளும் பரப்பிய வழக்கம். சிவப்பு ரோஜாவும், இதய வடிவில் செய்த சிவந்த ஜெல்லி மிட்டாயும் கைமாறும். இரவு இருவரும் சேர்ந்து உண்பர். அவர்களுடைய மரபான காதல் இரவு வேறு. ஜூன் மாதத்தில், சூரியன் மறைய மனமில்லாத நடுக்கோடை நாளுக்கு முந்தைய மாலையில், மணமாகாத பெண்கள் ஏழு வகைப் பூக்களைப் பேசாமல் பறித்துத் தலையணைக்கு அடியில் வைத்து உறங்குவார்கள். கனவில் வருபவன் கணவனாவான் என்பது நம்பிக்கை.

அவன் சொன்னவற்றுள் நம்மை நிற்கவைத்தது ஒரு சொல். 'சம்பூ.' மணம் செய்யாமல் சேர்ந்து வாழும் துணையைக் குறிப்பது. 'சேர்ந்து' என்பதும் 'வாழ்' என்பதும் கூடி அமைந்த சொல். அவ்வாறு வாழ்வோர் பிரிய நேர்ந்தால் வீட்டையும் வீட்டுப் பொருளையும் எங்ஙனம் பகிர்வது என்பதற்கு 1987 இல் தனிச் சட்டம் செய்து, 2003 இல் அதனைப் புதுப்பித்தனர். அவ்வழக்கம் நமக்கு உவப்பா இல்லையா என்பது வேறு வினா. இருவர் கூடி வாழ முடிவு செய்தால் அதன்பின் நேர்வதை முறைப்படுத்துவதே அரசின் வேலை என்று அங்கே கருதுகிறார்கள் என்பதைக் குறித்துக்கொண்டோம்.

வடபுலத்து நாடுகள் இந்தச் சாலைக்கு அந்நியமானவை அல்ல. பின்லாந்தின் நோக்கியா நிறுவனம் 2006 முதல் 2014 வரை திருப்பெரும்புதூரில் கைபேசிகள் செய்தது. பணியாளர்களில் பெரும்பாலோர் சுற்றுப்புற மாவட்டங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். பின்லாந்தில் பிப்ரவரி 14 நண்பர்களின் நாள். அங்கே சுவீடிய மொழி பேசுவோரும் அதனை 'நண்பர் நாள்' என்றே வழங்குவர். அந்த ஆலை மூடப்பட்டது. பெண்கள் வருவது நிற்கவில்லை. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட விடுதியில் மட்டும் 18,720 பெண்கள் தங்கலாம். தந்தையின் கண்காணிப்பிலிருந்து விலகி, தன் பெயரில் வங்கிக் கணக்கோடு, இத்தனை பெண்கள் ஓரிடத்தில் கூடியிருப்பது தமிழ் நிலத்துக்குப் புதிது. காதல் புதிதன்று.

ஆனால் இந்நாள் வந்தால், இது மேனாட்டு இறக்குமதி என்ற கூக்குரலும் எழும். நாய்க்கும் கழுதைக்கும் தாலி கட்டி எதிர்ப்புக் காட்டியோர் உண்டு. அவர்களுக்கு ஆண்டாளை நினைவூட்ட விரும்புகிறோம். நாச்சியார் திருமொழியின் முதற் பதிகம் காமதேவனை நோக்கியது. தை மாதம் முழுதும் தரை மெழுகிக் கோலமிட்டு, மாசியின் முற்பகுதியில் அவனைத் தொழுது, தான் விரும்பியவனோடு தன்னைச் சேர்த்து வைக்க வேண்டுகிறாள் அப்பெண். இன்றைய நாட்காட்டியில் மாசி பிறப்பது பிப்ரவரி 13 அளவில். அந்த ஆண்டாளின் நேர்த்திக் கடனைத் திருமாலிருஞ்சோலையில் நிறைவேற்றியதால் அவளால் 'அண்ணன்' என்று அழைக்கப்பட்டதாக வைணவ மரபு போற்றும் இராமானுசர் பிறந்த ஊர் இந்தத் திருப்பெரும்புதூர்தான். சிலம்பில் புகார் நகரத்துக் காமவேள் கோட்டத்தைத் தொழச் சொல்கிறாள் தேவந்தி, கண்ணகி மறுக்கிறாள். மறுத்தது கண்ணகியின் உரிமை. கோட்டம் அங்கே இருந்தது என்பது நம் செய்தி.

இத்தனையும் அறிந்த நாம் 2008 இல் என்ன செய்தோம் என்பதை இனி மறைக்கலாகாது. அப்போது வேறொரு கல்லூரியில் புதிதாகப் பணியில் சேர்ந்திருந்தோம். ஒழுங்குக் குழுவில் நம் பெயரும் இருந்தது. பிப்ரவரி 14 காலையில் வாயிலில் நின்று ரோஜாக்களைப் பறிமுதல் செய்தோம். அன்று பிற்பகல் ஒரு மாணவியின் நோட்டிலிருந்து வாழ்த்து அட்டை ஒன்று விழுந்தது. அவளுடைய தந்தையைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னவர் நாமே. "நீங்க சொன்னது நல்லதாப் போச்சு சார்" என்று அவர் நன்றி கூறினார். பத்து நாளில் அவளது பெயர் வருகைப் பதிவேட்டிலிருந்து நீங்கியது. அதன்பின் அவளைப் பற்றி நாம் அறியவில்லை. அறிய முயலவும் இல்லை.

அந்தப் பருவத்தில் நாம் நடத்திய பாடம் அகப்பொருள். அறத்தொடு நிற்றல் என்னும் துறையைக் கரும்பலகையில் அம்புக்குறியிட்டு விளக்கியிருந்தோம். தலைவி தோழிக்கு, தோழி செவிலிக்கு, செவிலி நற்றாய்க்கு, நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும். காதலை வீட்டார்க்கு வெளிப்படுத்துவதுதான் அதன் செயல். எனினும் வெளிப்படுத்துபவர் தலைவியின் பக்கம் நின்று, மணம் நிகழும்பொருட்டு வெளிப்படுத்துகிறார். நாமும் தந்தைக்கு வெளிப்படுத்தினோம். நின்ற பக்கம் வேறு.

2024 பிப்ரவரியில் பழைய மாணவி ஒருத்தி நம்மைக் காண வந்தாள். இளங்கலை முடித்து, வாகன உதிரிப்பாகம் செய்யும் ஆலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருப்பவள். உடன் பணிபுரிபவனை மணக்க முடிவு செய்திருந்தாள். அவன் கிறித்தவன், வேறு மாவட்டம், வேறு சாதி.

"மூணு சாட்சி வேணுமாம் ஐயா. ரெண்டு பேர் எங்க லைன்லயே இருக்காங்க. மூணாவது நீங்க வரணும்" என்றாள்.

இருவரும் இந்துக்களாக இருந்திருப்பின், 1967 இல் நம் சட்டமன்றம் இயற்றிய சுயமரியாதைத் திருமணச் சட்டப்படி உறவினர் அல்லது நண்பர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டால் போதும். சமயம் வேறாதலால் அவர்களுக்கு உரியது 1954 ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். முப்பது நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். அதனை அலுவலகத்தில் எவரும் காணுமாறு ஒட்டுவார்கள். மணமக்களின் நிலையான முகவரி வேறு மாவட்டமாயின், படி ஒன்று அங்குள்ள அலுவலகத்துக்கும் செல்லும், அங்கேயும் ஒட்டப்படும். எவரிடமிருந்து ஒளிந்து வந்தார்களோ அவர்களது ஊருக்கே செய்தி போகிறது. சுவீடனின் சம்பூவை நினைத்துக்கொண்டோம். இவர்கள் கேட்பது அதுவும் அன்று, முறையான திருமணம்.

சிறிது நேரம் பேசாதிருந்தோம். அச்சம் இருந்தது. உடுமலைப்பேட்டையில் சங்கர் என்னும் இளைஞரை 2016 இல் நடுத்தெருவில் வெட்டிய காட்சியை இந்த நாடே பார்த்தது. நம் வீட்டிலும் பெண் பிள்ளை இருக்கிறாள். எனினும் 2008 இன் வருகைப் பதிவேடு கண்முன் நின்றது. வருவதாகச் சொன்னோம்.

பிப்ரவரி 14 அன்று அவர்கள் மனுக் கொடுத்தனர். நாளின் பொருட்டு அன்று. இருவருக்கும் அன்றுதான் ஒரே நேரத்தில் விடுப்பு வாய்த்தது. அடுத்த முப்பது நாளில் அவள் விடுதியை இருமுறை மாற்றினாள். இருபத்திரண்டாம் நாள் இரவு நமக்கு ஓர் அழைப்பு வந்தது. அவளுடைய தாய்.

"ஐயா, நீங்கதான் அவளுக்கு வாத்தியாராம். அந்தப் பையன் நல்லவனா?"

நாம் அவனை இருமுறைதான் கண்டிருக்கிறோம் என்பதையும், அவ்விரு முறையும் அவள் பேசி முடிக்கும்வரை அவன் காத்திருந்து பேசினான் என்பதையும் சொன்னோம். திருமண நாளையும் இடத்தையும் மறைக்காமல் கூறினோம். அவர் நெடுநேரம் மௌனமாக இருந்து, "அவங்க அப்பா கிட்ட நான் பேசுறேன், இப்ப வேணாம்" என்று வைத்துவிட்டார்.

பங்குனி பிறந்து சில நாளில் பதிவு நடந்தது. பெற்றோர் இரு பக்கத்திலும் வரவில்லை. தடுக்கவும் எவரும் வரவில்லை. சாட்சிகள் இருவர் சீருடையிலேயே வந்திருந்தனர்; இரண்டாம் ஷிப்டுக்குச் செல்ல வேண்டும். மூன்றாம் கட்டத்தில் நாம் கையொப்பமிட்டோம். தொழில் என்ற இடத்தில் 'தமிழ் விரிவுரையாளர்' என்று எழுதும்போது எழுத்து சற்றுக் கோணிற்று.

வெளியே வந்ததும் அவன் தேநீர் வாங்கித் தந்தான். அவள் தாய்க்கு ஒரு புகைப்படம் அனுப்பினாள். நாம் பேருந்து ஏறும்வரை பதில் வரவில்லை. பார்த்துவிட்டார் என்பதைக் காட்டும் இரு நீலக் கோடுகள் மட்டும் விழுந்திருந்தன.