600 லிட்டர் அவசரம்

வீட்டில் ஒரு பெரிய மீன் தொட்டி வைக்க வேண்டும் என்ற ஆசையை எனக்குள் விதைத்தவர் அப்பா. சென்னை மெரினாவில் 1909ல் திறந்த மீன் காட்சிசாலையை அவர் சிறுவயதில் பார்த்திருக்கிறார். இந்தியாவின் முதல் மீன் காட்சிசாலை அதுதான் என்பார்கள். செஞ்சியிலிருந்து பட்டணம் போய் வந்த பையன் கடலைப் பற்றிப் பேசியதை விட அந்தக் கண்ணாடியைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். "நாம பாக்குறோம்னு நெனப்போம், அதுங்கதான் நம்மள பாக்கும்" என்பார்.

பொதுப்பணித் துறையில் ஏரிக் கரையும் மதகுமாக முப்பது வருடம் போனது. ஓய்வு பெற்றதும் காகிதத்தை எடுத்து வைத்துக் கணக்குப் போட ஆரம்பித்தேன். நீளம் 6 அடி, அகலம் 2 அடி, உயரம் 2 அடி. விளிம்பில் இரண்டு அங்குலம் விட்டால் 600 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். தண்ணீரே 600 கிலோ. 12 மில்லிமீட்டர் கண்ணாடி 120 கிலோ. மணல், கல், இரும்புத் தாங்கி எல்லாம் சேர்த்தால் ஒரு டன்னைத் தொடும்.

"ஏங்க, மாடியில வெக்கிறதா இருந்தா நான் கீழ படுக்க மாட்டேன்" என்றாள் என் மனைவி. அவளுக்கு இன்னொரு கோபமும் உண்டு. கல்யாணமாகி வந்த புதிதில் கோடைக்காலத்தில் தெருக்கோடியிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தவள். "அந்தத் தண்ணிய மீனுக்குக் குடுக்கப் போறீங்களா?" தொட்டியிலிருந்து மாற்றும் தண்ணீர் ஒரு சொட்டு விடாமல் அவளுடைய தென்னைக்கும் மல்லிக்கும் போகும் என்று வாக்குக் கொடுத்தேன். கீழ்க்கூடத்தில் சுவரோரமாக இடம் கிடைத்தது.

தண்ணீரின் அழுத்தம் தொட்டியின் நீளத்தைப் பார்க்காது, ஆழத்தை மட்டும்தான் பார்க்கும். ஏரிக் கரையை மேலே ஒடுக்கி அடியில் அகலமாகப் போடுவதும் அதனால்தான். என் தொட்டியின் முன் கண்ணாடியை மட்டும் தண்ணீர் ஏறக்குறைய 300 கிலோ பலத்தோடு தள்ளும். அது நடுவில் பிதுங்காமல் இருக்க மேல் விளிம்பைச் சுற்றிக் கண்ணாடிப் பட்டை ஒட்ட வேண்டும். திண்டிவனத்தில் கண்ணாடி வெட்டி வந்தது. ஒட்டியது நானும் ஒரு பையனும். பூஞ்சைக்கு மருந்து கலந்த சிலிகான் மீனுக்கு ஆகாது என்பதால் சாதா சிலிகானாகப் பார்த்து வாங்கினோம். ஒரு வாரம் வீடு முழுக்க வினிகர் வாசனை. ரசமட்டம் வைத்துத் தாங்கியைச் சமப்படுத்தி, தொட்டிக்கு அடியில் தெர்மகோல் விரித்தேன். மூன்று நாள் தண்ணீர் நிரப்பிப் பார்த்தேன். ஒரு துளி கசியவில்லை. மதகு திறப்பு விழா நடத்தியவன் போல நடந்து கொண்டேன்.

மே மாதம் பெங்களூரிலிருந்து பேத்தி வந்தாள். ஏழு வயது. வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "மீன் எங்க தாத்தா?" என்றாள். ஒரு மாதம் பொறுக்க வேண்டும் என்று எங்கேயோ படித்திருந்தேன். ஆனால் அவள் ஒரு வாரத்தில் ஊருக்குப் போய்விடுவாள். மகன் சென்னைக்குப் போனபோது கொளத்தூரில் 24 தங்க மீன்கள் வாங்கி, ஆக்சிஜன் அடைத்த பைகளில் கொண்டுவந்தான். பேத்தி ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தாள். தினம் மூன்று வேளை தீனி போட்டாள். நானும் தடுக்கவில்லை.

அவள் கிளம்பிய நாலாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து கொண்டு நின்றன. தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. அதனால் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பாதித் தண்ணீரை மாற்றினேன், இன்னொரு காற்று பம்ப் போட்டேன். மூன்று நாளில் 17 மீன்கள் போயின.

என்ன நடந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. மீனின் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் அம்மோனியா உண்டாகிறது. அது விஷம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும், அது அவ்வளவு கெடுதல் இல்லை. இந்த இரண்டு கூட்டமும் பில்டரிலும் மணலிலும் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நம் ஊர் போர் தண்ணீர் போலக் காரத்தன்மை கூடிய தண்ணீரில் அம்மோனியாவின் வீரியம் இன்னும் அதிகம். வெயிலும் அதைக் கூட்டும். ஆக, தண்ணீரைத் தாங்கும் சுவரைப் பற்றி எல்லாம் தெரிந்தவனுக்குத் தண்ணீரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

காலையில் கோட்டைப் பக்கம் நடக்கப் போவேன். ராஜகிரி அடிவாரத்தில் செட்டிக்குளத்துப் படியில் உட்கார்ந்தேன். பச்சைத் தண்ணீர். அடியில் சேறு, ஓரத்தில் பாசி, நடுவில் மீன் துள்ளுகிறது. இதற்கு யார் பம்ப் வைத்தார்கள்? 1690லிருந்து 1698 வரை முகலாயப் படை சூழ்ந்திருந்தபோது கோட்டைக்குள் இருந்தவர்கள் நம்பியது குளங்களையும் மலைச் சுனைகளையும்தான். நான் அழுக்கு என்று நினைத்த அந்தச் சேறும் பாசியும்தான் அங்கே எல்லா வேலையும் பார்க்கின்றன.

இனி வெட்கப்பட வேண்டிய பகுதி. அதே நிறத்தில் 17 மீன்களை வாங்கிப் போட்டுவிட்டால் பேத்திக்குத் தெரியாது என்று திட்டம் போட்டேன். மனைவி ஒரே வார்த்தையில் நிறுத்தினாள். "செத்தது மீனு. அதோட விடுங்க. பொய்யும் சேர வேணாம்."

வீடியோ அழைப்பில் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "நான்தானே மீன் எங்கன்னு கேட்டேன், நான்தானே நெறைய தீனி போட்டேன்" என்றாள்.

அந்த 17 மீன்கள் செத்தபோது எனக்கு வராத அழுகை அப்போது வந்தது. "இல்லடா கண்ணு. நீ கேட்டது சரி. ஒரு மாசம் பொறுக்கணும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அவசரப்பட்டது தாத்தாதான்" என்று மூன்று முறை சொன்னேன். நம்பினாளா என்று தெரியவில்லை.

மிஞ்சிய ஏழு மீன்களையும் ஒரு சிமெண்ட் தொட்டிக்கு மாற்றித் தினமும் தண்ணீர் மாற்றினேன். திருவண்ணாமலையில் மீன் வளர்க்கும் ஒருவர், ஓடிக்கொண்டிருந்த தன் பில்டரிலிருந்து ஒரு பழுப்புப் பஞ்சை ஈரத்தோடு கொடுத்தார். அதில்தான் அந்த பாக்டீரியா குடியிருக்கிறது. பெரிய தொட்டியில் அதைப் போட்டு, தினம் ஒரு சிட்டிகைத் தீனி தூவி, பரிசோதனைச் சொட்டு மருந்தின் நிறத்தை நோட்டில் எழுதி வந்தேன். 33ஆம் நாள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். முதலில் இரண்டு மீன், ஒரு வாரம் கழித்து இன்னும் இரண்டு, பிறகு மிச்சம் மூன்று.

தசரா விடுமுறைக்குப் பேத்தி வந்தாள். தொட்டி முன் நின்று ஏழையும் எண்ணினாள். இன்னும் வாங்கலாமா என்று நானே கேட்டேன். நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப வேணாம் தாத்தா, இதுங்க பெருசாகட்டும்" என்றாள்.

மாற்றிய தண்ணீரை வாளியில் மொண்டு பாட்டியோடு மல்லிக்கு ஊற்றப் போனாள். அந்த வருடம் மல்லி நன்றாகவே பூத்தது என்பதை மனைவி இன்றுவரை வாயால் ஒப்புக்கொள்ளவில்லை.