அப்பாயிக்கு யார் காபி போட்டுக் கொடுப்பது?

ஆகஸ்ட் 19, உலகப் புகைப்பட தினம். அதற்கு என்ன செய்யலாம் என்று டெஸ்க்கில் பேச்சு வந்தபோது, “ஒரே போட்டோவுல நானே அஞ்சு பேரா நிக்கிறேன்” என்று வாயை விட்டுவிட்டேன். அந்த வாரக் கடைசியில் ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு திருச்சிக்கு பஸ் ஏறினேன். காலையில் இறங்கி, ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்தால் ஸ்ரீரங்கம். அங்கேதான் அப்பாயி வீடு.

இது புது வித்தை இல்லை. 1870-களின் தொடக்கத்திலேயே லண்டனில் ஆஸ்கர் ரெய்லாண்டர் என்ற போட்டோகிராபர், ஓவியனான தன்னையும் படைவீரனான தன்னையும் ஒரே படத்தில் நிறுத்தியிருக்கிறார். நம்மூரில் 1940-ல் வந்த ‘உத்தம புத்திர’னில் பி.யு.சின்னப்பா இரட்டை வேடம் போட்டார். ஃபிலிம் காலத்தில் லென்ஸின் ஒரு பாதியை மறைத்து எடுத்துவிட்டு, ஃபிலிமைப் பின்னால் சுற்றி மறுபாதியை எடுப்பார்கள். கை கொஞ்சம் நடுங்கினால் எல்லாம் போச்சு. நமக்கு அந்தக் கஷ்டமில்லை. கேமரா அசையக் கூடாது. ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் ஆட்டோவில் விடாமல் பூட்டிவிட வேண்டும். இடம் மாறி மாறி உட்கார்ந்து எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, வேண்டாததை அழித்தால் முடிந்தது. ஒருத்தி மேல் இன்னொருத்தி விழாமல் இருந்தால் வேலை சுலபம்.

முதலில் அம்மா மண்டபம் படித்துறையில் முயன்றேன். சொதப்பல். படத்துக்குப் படம் குளிக்கிறவர்கள் இடம் மாறிவிட்டார்கள். ஒட்டிப் பார்த்தால் ஒருவருக்குத் தலை இருக்கிறது, உடம்பைக் காணோம்! அடுத்து மொட்டை மாடி. பின்னால் 236 அடி ராஜகோபுரம். ஆனால், மேகம் வந்து வந்து போனதில் ஒரு ‘நான்’ வெயிலில், இன்னொரு ‘நான்’ நிழலில்.

கடைசியில் கூடத்துக்கே வந்தேன். ஜன்னலைச் சாத்தி, டியூப்லைட் போட்டு, ஊஞ்சலில் ஒன்று, தூணோரம் ஒன்று என ஐந்து படம். சேர்த்து முடித்து அப்பாயியிடம் காட்டினேன்.

“நவராத்திரி சிவாஜி மாதிரி இருக்கேடி” என்று சிரித்தவர், போனைத் திருப்பித் தரவில்லை. “இந்தக் கூடத்துல இத்தன பேரப் பாத்து எவ்வளவு நாளாச்சு.”

ஒரு காலத்தில் பதினோரு பேர் சாப்பிட்ட வீடு. தாத்தா போய், பிள்ளைகள் ஆளுக்கொரு ஊர் போய், இப்போது அப்பாயி மட்டும்தான்.

“என்னையும் ரெண்டு பேரா எடேன். ஒருத்தி எனக்குக் காபி கொடுக்கிற மாதிரி.”

ரிமோட் பட்டனை அவர் கையிலேயே கொடுத்தேன். முதலில் டவரா டம்ளரை நீட்டியபடி நின்று அமுக்கினார். பிறகு தாத்தாவின் நாற்காலியில் உட்கார்ந்து, கையை நீட்டி அமுக்கினார். இந்த மாதிரிப் படத்தில் கஷ்டமே பார்வைதான். எதிரில் ஆள் இருப்பதாக நினைத்துப் பார்க்க வேண்டும். எனக்கு அது வர அரை மணி நேரம் ஆனது. அப்பாயிக்கு ஒரே தடவையில் வந்துவிட்டது.

“எப்படி அப்பாயி?”

“தினம் அந்த நாற்காலியப் பாத்துத்தானே பேசிக்கிட்டிருக்கேன்.”

நான் லேப்டாப்புக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

படம் நன்றாகவே வந்தது. ஒரே ஒரு குறை. இரண்டு கைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழக் கூடாது என்று தள்ளி வைத்ததில், டம்ளருக்கும் வாங்குகிற கைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. அப்பாயி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

“எல்லாம் சரி. காபி கைக்கு வந்து சேரலையே?”

அன்று காலை நான் வந்து இறங்கியதும் குடித்தது அவர் போட்ட காபி. பதினொரு மணிக்கு இன்னொன்று. எனக்கு நினைவு தெரிந்த நாளாக இந்த வீட்டில் நான் பால் காய்ச்சியதே இல்லை. எழுந்து அடுப்படிக்குப் போனேன். டிகாக்‌ஷன் எங்கே, சர்க்கரை எந்த டப்பாவில், எதுவும் தெரியவில்லை. கூடத்திலிருந்து குரல் மட்டும் வழிகாட்டியது.

ஒரு வாய் குடித்துவிட்டு, “சர்க்கரை தூக்கல்” என்றார். ஆனால், டம்ளரைக் காலியாகத்தான் வைத்தார்.