மாதம் நாலு காதல்



"ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கொடுங்கள்" என்று மாணவர் பேரவைச் செயலாளர் கேட்டபோது, "எதைப் பற்றி?" என்றேன். "எதைப் பற்றி வேண்டுமானாலும்" என்றார். விசாரித்துப் பார்த்தால் 'விஞ்ஞானமும் விவசாயமும்', 'இளைஞனே எழுந்து வா' எல்லாவற்றையும் ஏற்கெனவே ஆள் பிடித்துவிட்டார்கள். கவிதைப் பக்கங்களிலோ நிலவும் அவளும் நிரம்பி வழிகிறார்கள். மிச்சம் இருந்தது எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே ஒரு துறைதான். மாத நாவல்! அதிலும் காதல் நாவல்!

சிரிக்காதீர்கள். எலெக்ட்ரிக்கல் இறுதியாண்டுப் பெண் டிரான்ஸ்பார்மரைப் பற்றி எழுதாமல் இதை எழுதுகிறாளே என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம். நம் ஹாஸ்டலில் தலையணைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். பெயர்களைச் சொல்ல மாட்டேன். மெக்கானிக்கல் பிரிவு வீரர்கள் இருவரும் அதில் அடக்கம் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்!

எங்கள் வீடு குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட் லயத்தில் இருக்கிறது. தாத்தாவும் பாட்டியும் இலங்கையிலிருந்து வந்தவர்கள். 1964ல் சிறிமாவும் சாஸ்திரியும் போட்டுக்கொண்ட ஒப்பந்தப்படி ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு வரவேண்டும் என்று முடிவானதே, அந்தக் கணக்கில் எங்கள் குடும்பமும் ஒன்று. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேசுவரத்தில் இறங்கியபோது அவர்களிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அப்போது அதில் துணிமணி இருந்ததாம். இப்போது நூற்று எண்பத்து மூன்று மாத நாவல்கள் இருக்கின்றன. எல்லாம் என் அத்தையின் சொத்து.

அத்தை ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவர். எஸ்டேட் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தார். அம்மாக்கள் கொழுந்து பறிக்கப் போனதும் கைக்குழந்தைகளைத் தொட்டிலில் போட்டு ஆட்டுகிற வேலை. ஒரு கையில் தொட்டில் கயிறு, மறு கையில் நாவல். சம்பளம் வாங்கிய ஞாயிற்றுக்கிழமை குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போவார். பெட்டிக்கடை வாசலில் கயிறு கட்டி, கிளிப் மாட்டி, புடவை காயப்போட்ட மாதிரி தொங்கும் புத்தகங்களில் ஒன்றோ இரண்டோ வாங்கி வருவார். கையில் காசு இல்லாத மாதம் வாடகை நூலகம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சேர்ந்தது அத்தனையும்.

நம் மலைக் குளிருக்கும் ஈரத்துக்கும் அந்தத் தாள் லாயக்கில்லை. ஸ்டேபிள் பின் துருப்பிடித்து நடுப்பக்கத்தில் செம்மண் கறை போல் இறங்கியிருக்கும். பல நாவல்களுக்கு அட்டை கிடையாது. கதாநாயகி யார் என்று அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, படித்தே தெரிந்துகொள்ள வேண்டும். நல்லதுதானே!

மாத நாவல் என்பது சாதாரண விஷயமல்ல, நண்பர்களே. 1969ல் 'ராணிமுத்து' அகிலனின் 'பொன்மலர்' நாவலோடு தொடங்கியபோது விலை ஒரு ரூபாய். புத்தகக் கடைக்குள் நுழையவே கூச்சப்பட்ட ஜனங்களுக்கு முழு நாவல் பெட்டிக்கடையிலேயே கிடைத்தது. பிறகு 'மாலைமதி' வந்தது. ஜி.அசோகன் வெளியிட்ட பாக்கெட் நாவல் வரிசைகள் வந்தன. துப்பறிகிறவர்களுக்கு நம் கோவை ராஜேஷ்குமார் இருந்தார். கண் கலங்க நினைத்தவர்களுக்கு அனுராதா ரமணன், இந்துமதி, சிவசங்கரி. காதலுக்கு ரமணிசந்திரன்! அந்தப் பெயருக்கு முன்னால் மற்ற எல்லோரும் ஒரு படி கீழேதான் என்பது எங்கள் லயத்தின் ஏகமனதான தீர்ப்பு.

படிப்பது அத்தை, கேட்பது லயமே. மாலையில் அடுப்பு வேலை முடிந்ததும் ஏழெட்டுப் பெண்கள் வாசலில் வந்து உட்காருவார்களாம். அதில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். முக்கியமான இடத்தில் அத்தை புத்தகத்தை மூடிவிட்டு, "மிச்சம் நாளைக்கு" என்பாராம். மறுநாள் மலையில் நிரை பிடித்துக் கொழுந்து பறிக்கும்போதெல்லாம் அந்தப் பேச்சுதானாம். அவன் அவளைச் சந்தேகப்படுவது நியாயமா, அவள் வீட்டை விட்டுப் போயிருக்க வேண்டாமா... கங்காணி வந்து சத்தம் போட்டால்தான் கதை நிற்கும். பொறுக்க முடியாத ஒரு அக்கா, நாளைக்கு வரைக்கும் காத்திருக்க வேண்டாம் என்பதற்காகவே எழுத்துக் கற்றுக்கொண்டாராம். ஆறு மாதத்தில் தானே படித்தார். இதை எந்த அறிவொளி இயக்கக் கணக்கிலும் யாரும் சேர்த்திருக்க மாட்டார்கள்.

இப்போது அந்தப் பெட்டி என் பொறுப்பில். மாதம் நாலு நாவல் என்று கணக்கு வைத்துப் படிக்கிறேன். மெஷின்ஸ் லேப் ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் குறிப்பும் எழுதுகிறேன். நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, முடிவு என்று அதே முறையில்தான்! சார் இதுவரை நோட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை. இந்தக் கட்டுரை வந்தபிறகு பார்ப்பார். பரவாயில்லை. போன டிசம்பர் மாதக் குறிப்பை அப்படியே தருகிறேன்.

முதல் நாவல், ரமணிசந்திரனின் 'வளையோசை'. அவருடைய நாவல்களை வரிசையாகப் படித்தால் ஒரு சர்க்யூட் படம் கண்ணுக்குத் தெரியும். பணக்காரக் கதாநாயகன், தன்மானம் உள்ள கதாநாயகி, நடுவில் ஒரு தவறான புரிதல். அந்தத் தவறான புரிதல்தான் ரெசிஸ்டன்ஸ். அது இல்லையென்றால் கதை பத்தாம் பக்கத்திலேயே ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும். ஒருவரையொருவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், கேட்க மாட்டார்கள். ஆனாலும் நூற்றைம்பதுக்கு மேல் நாவல் எழுதி, அத்தனை பேரையும் அடுத்ததற்குக் காத்திருக்க வைத்தாரே, அது எப்படி? அத்தையைக் கேட்டேன். "கடைசியில அவன் தப்புன்னு ஒத்துக்கிட்டு அவகிட்ட மன்னிப்புக் கேப்பான் புள்ள. எங்க லயத்துல பொண்டாட்டிகிட்ட மன்னிப்புக் கேட்ட ஆம்பளைய நாங்க கண்டதே இல்ல. அதுக்குத்தான் படிச்சோம்" என்றார். முடிவு என்ற இடத்தில் அதையே எழுதிக்கொண்டேன்.

இரண்டாவது, லட்சுமியின் 'பெண் மனம்'. லட்சுமி என்பது புனைபெயர். உண்மைப் பெயர் திரிபுரசுந்தரி, டாக்டர். 1921ல் பிறந்தவர். மருத்துவம் படிக்கும்போதே படிப்புச் செலவுக்காக ஆனந்த விகடனில் கதை எழுதியவர். பிறகு பல ஆண்டுகள் தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்தார். 1984ல் 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்கு சாகித்ய அகாடமி விருது வாங்கினார். கதை எழுதிப் பீஸ் கட்டிய ஒரு பெண்! பீஸ் கட்டக் கடைசித் தேதி நெருங்கும்போதெல்லாம் எனக்கு இவர் ஞாபகம் வருகிறது.

மூன்றாவது, பாலகுமாரனின் 'இரும்பு குதிரைகள்'. டிராக்டர் கம்பெனியில் வேலை பார்த்தவர் எழுதிய நாவல். லாரி, லோடு, ஷெட், டிரைவர் என்று நமக்குப் பழக்கமான கிரீஸ் வாடை அடிக்கும். ஒர்க்‌ஷாப்பிலும் மனசு உண்டு என்று காட்டியவர். ஆண் நண்பர்கள் வெட்கப்படாமல் இதிலிருந்து தொடங்கலாம்.

நாலாவது பெட்டியில் இல்லை. நூலகத்தில் எடுத்தது. ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்', 1963ல் புத்தகமாக வந்தது. இதைக் காதல் நாவல் என்று சொன்னால் தமிழ் விரிவுரையாளர் கோபிப்பார். ஆனால் காதலும் இருக்கிறது. நீலகிரிப் படகர் குடும்பம் ஒன்றின் கதை. தினையும் சாமையும் விளைந்த மலையில் தேயிலை ஏறுவதையும், அணையும் மின்சாரமும் வருவதையும் இதில் காணலாம். ஆசிரியை நம் மலையிலேயே இருந்து, மக்களோடு பழகி எழுதியிருக்கிறார். அவருடைய கணவர் ஒரு மின்பொறியாளர்! பைக்காராவில் 1932லேயே மின்சாரம் எடுத்தார்கள், கனடா நாட்டு உதவியோடு குந்தாத் திட்டம் எழுந்தது என்று நாம் பவர் பிளான்ட் பாடத்தில் படிப்போமே, அந்தப் பென்ஸ்டாக் குழாய்க்குப் பக்கத்தில் மனுஷர்கள் இருந்தார்கள் என்பதை இந்த நாவலைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இதைப் படித்த பிறகு மற்ற நாவல்களில் நம் ஊர் எப்படி வருகிறது என்று தேடத் தொடங்கினேன். அடேயப்பா! மாத நாவல் கதாநாயகர்களில் பாதிப் பேருக்கு நம் மலையில்தான் எஸ்டேட்! குன்னூர் என்று எழுதினாலும் ஊட்டி என்று எழுதினாலும் ஒரே பங்களா, ஒரே கணப்பு, ஒரே ஜீப், ஒரே ஸ்வெட்டர். கதாநாயகி மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறினால் ஒரே பத்தியில் உச்சிக்கு வந்துவிடுவாள். உண்மையில் அந்த ரயில் 1899ல் குன்னூரோடு நின்று, 1908ல்தான் ஊட்டியை எட்டியது. கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரத்தைக் கடித்துக் கடித்துத்தான் ஏறவும் வேண்டும். அதே 1908ல்தான் லண்டனில் 'மில்ஸ் அண்ட் பூன்' என்ற பதிப்பகம் தொடங்கியது. பின்னாளில் உலகம் முழுக்கக் காதல் நாவல் விற்றவர்கள். ரயிலும் காதல் நாவலும் நம் மலைக்கு ஏறக்குறைய உறவு என்று சொல்லிக்கொள்ளலாம்!

அந்தக் கதாநாயகன் தேயிலை ஏலத்தைப் பற்றிக் கவலைப்பட்டு நான் படித்ததே இல்லை. குன்னூரில் 1963 முதல் ஏலம் நடக்கிறது. விலை இறங்கினால் இந்த மலையில் அடுப்பெரிவது குறையும். ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அதை யாரோ பறித்திருக்க வேண்டும் அல்லவா? நாவலில் அவர்கள் தூரத்தில், பச்சைச் சரிவில், வண்ணப் புள்ளிகளாகத் தெரிவார்கள். கதாநாயகி ஜன்னல் வழியாகப் பார்த்து, "எவ்வளவு அழகு!" என்பாள். அந்தப் புள்ளியில் ஒன்று என் அம்மா. இடுப்பில் படங்கு, முதுகில் சுமை, காலில் அட்டைக்கடி, எதிரே காட்டெருமை நிற்கிறதா என்று ஒரு கண்.

இதைச் சொல்லி அத்தையிடம் கோபப்பட்டேன். "நம்மள இப்படிப் புள்ளியாப் போட்டிருக்காங்களே, நீங்க எப்படி அத்தை இதைப் படிச்சீங்க?" அத்தை அலட்டிக்கொள்ளவில்லை. "நாங்க யாரும் புள்ளியாப் படிக்கல. பங்களாவுக்குள்ள இருக்கிற அவளாத்தான் படிச்சோம். ஒரு மணி நேரமாச்சும் உக்காந்திருந்தோம்ல?" என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

போன தை மாதம் எனக்கு ஒரு வரன் வந்தது. பையன் திருப்பூரில் பனியன் கம்பெனி சூப்பர்வைசர். நல்ல மாதிரி. "டிப்ளமோ முடியட்டும், உடனே கல்யாணம். ஆனா பொண்ணு வேலைக்குப் போக வேணாம், நாங்க நல்லா வெச்சுக்குவோம்" என்றார்கள். அம்மாவுக்கு அரை மனசு. அப்பா பேசவே இல்லை. கல்யாணத்தில் முடியும் நூற்று எண்பத்து மூன்று கதைகளைப் படித்த அத்தை என்ன சொல்வார் என்று எல்லோருக்கும் தெரியும் என நினைத்தோம்.

அத்தை சொன்னார்: "எல்லாப் புஸ்தகத்துலயும் கடைசிப் பக்கத்துல அந்தப் புள்ள வேலைய விட்டுட்டு அவன் தோள்ல சாஞ்சுக்குவா. அதோட முற்றும். முற்றும்னு போட்ட பொறகு அவ என்ன ஆனான்னு ஒரு புஸ்தகத்துலயும் இல்ல. நான் தேடிப் பாத்துட்டேன். இவ மொத மாசச் சம்பளத்தக் கையில வாங்கட்டும். அப்புறம் வந்து பேசச் சொல்லு."

பையன் வீட்டார் யோசித்துச் சொல்வதாகப் போனார்கள். இன்னும் யோசிக்கிறார்கள். நான் ஓசூர் கம்பெனி ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன்.

காதல் நாவல் படித்தால் பெண்பிள்ளை கெட்டுப்போவாள் என்று சொல்கிறவர்கள் உண்டு. கனவு கண்டுகொண்டே இருப்பாள் என்று பயப்படுகிறார்கள். எங்கள் வீட்டில் அதிகமாகக் காதல் நாவல் படித்தவர்தான் எல்லோரையும் விடக் கறாராகக் கேள்வி கேட்டார். ஒரே முடிவை நூற்று எண்பத்து மூன்று தடவை படித்தால் அந்த முடிவின் ஓட்டை தெரிந்துவிடும் போலிருக்கிறது. பத்துத் தடவை ரீடிங் எடுத்தால்தான் மீட்டரில் பிழை இருப்பது தெரிகிறது, இல்லையா?

இப்போது கிளிப்பில் தொங்கும் நாவல்கள் குறைந்துவிட்டன. கதை கைபேசிக்கு வந்துவிட்டது. பிரதிலிபி மாதிரியான செயலிகளில் பெண்கள் தினம் ஒரு அத்தியாயம் எழுதுகிறார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட் அக்கா படிப்பதை நானும் எட்டிப் பார்த்திருக்கிறேன். அங்கேயும் எஸ்டேட் முதலாளி, ஜீப், தவறான புரிதல் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன! ஆனால் அங்கே எழுத யாருடைய அனுமதியும் வேண்டாம். கொழுந்து பறிக்கிற பெண்ணைக் கதாநாயகியாக வைத்து, முற்றும் என்ற வார்த்தைக்குப் பிறகு தொடங்குகிற கதையை நம்மில் யாராவது எழுதலாமே! தோழியரே, உங்களைத்தான் கேட்கிறேன்.

அதுவரைக்கும் பெட்டி திறந்தே இருக்கிறது. மாதம் நாலு நாவல் ஹாஸ்டலுக்குக் கொண்டு வருகிறேன். வேண்டியவர்கள் எலெக்ட்ரிக்கல் இறுதியாண்டு வகுப்பில் வந்து வாங்கிக்கொள்ளலாம். வாடகை கிடையாது. நிபந்தனை ஒன்றுதான். அட்டை உள்ள புத்தகத்தை அட்டையோடு திருப்பித் தர வேண்டும். அத்தை எண்ணிப் பார்த்துத்தான் கொடுக்கிறார்.